கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு விருந்துக்கு!

வீட்டில் 16 பேர் கூடி விளையாட என்னென்ன சாமான் வேண்டும்?

விருந்துக்குப் போகிறவர்கள் கையில் என்ன இருக்கும்? பழம் இருக்கும். பூ இருக்கும். அந்த வீட்டுக் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் இருக்கும்.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிற விருந்தும் ஒன்று உண்டு!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த விருந்து பிரசித்தம். அதற்கு "லேன் பார்ட்டி" என்று பெயர்.

"லேன்" என்றால் என்ன? ஒரே இடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்களைக் கம்பி போட்டு இணைப்பதுதான் லேன். இணைத்துவிட்டால் ஒரு கம்ப்யூட்டர் சொல்வது இன்னொன்றுக்குத் தெரியும். ஒருவர் ஓடினால் மற்றவர் துரத்தலாம். ஒருவர் கோட்டை கட்டினால் மற்றவர் இடிக்கலாம். எல்லாம் திரையில்தான்!

நண்பர்கள் சனிக்கிழமை மாலையில் வருவார்கள். மேஜைகளை வரிசையாகப் போடுவார்கள். விடிய விடிய ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கண்ணைக் கசக்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

4 பேர் வந்தால் தொல்லை இல்லை. 16 பேர் வந்தால்? அங்கேதான் வீட்டுக்காரர் தலையில் கை வைக்கிறார்.

எந்தப் பெட்டி வாங்குவது? எத்தனை கம்பி வேண்டும்? வீட்டு மின்சாரம் தாங்குமா? தப்பான சாமானை வாங்கினால் பணம் வீணாகும். மின்சாரக் கணக்கில் தப்பினாலோ, வீடே தீப்பிடிக்கலாம்!

4 பேர் ஆட்டம்

இந்த விருந்துக்கு வழி காட்டியது ஒரு விளையாட்டு. அதன் பெயர் "டூம்".

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள "இட் சாப்ட்வேர்" என்ற கம்பெனி அதை உண்டாக்கியது. 1993-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி அது வெளிவந்தது. இணைக்கப்பட்ட கம்ப்யூட்டர்களில் 4 பேர் ஒரே நேரத்தில் ஆடலாம்.

அப்போது வீடுகளில் கம்ப்யூட்டர் இணைப்பு ஏது? ஆபீசில்தான் இருந்தது. கல்லூரியில்தான் இருந்தது. ஆகவே வேலை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து ஆடினார்கள். சிலர் வேலை நேரத்திலும் ஆடினார்கள்!

அதில் ஒரு வம்பு வந்தது. முதலில் வந்த "டூம்", ஒவ்வொரு செய்தியையும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அனுப்பியது. ஆடாதவர்களின் கம்ப்யூட்டருக்கும் போனது. ஆபீஸ் வேலை தடைப்பட்டது. பல இடங்களில் "டூம் ஆடக்கூடாது" என்று உத்தரவு போட்டார்கள். பிறகு கம்பெனி அந்தக் குறையைத் திருத்தியது.

1996-ம் ஆண்டில் அதே கம்பெனி "குவேக்" என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் 16 பேர் ஆடலாம். அந்த ஆண்டிலேயே டெக்சாசில் கார்லண்ட் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் ரசிகர்கள் கூடினார்கள். அவரவர் கம்ப்யூட்டரை அவரவரே சுமந்து வந்தார்கள். அதுதான் "குவேக்கான்" என்ற விழாவாக வளர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் தொடங்கியது

சுவீடன் நாட்டின் கதை இன்னும் ருசிகரமானது.

அங்கே மாலுங் என்பது ஒரு சின்ன ஊர். 1994-ம் ஆண்டில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் சில நண்பர்கள் கம்ப்யூட்டர்களோடு கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு "டிரீம்ஹேக்" என்று பெயர்.

கூட்டம் பெருகியது. 2001-ம் ஆண்டில் யோன்ஷோப்பிங் நகரில் உள்ள பெரிய பொருட்காட்சி மண்டபத்துக்கு மாறினார்கள். 2007-ம் ஆண்டில் அங்கே 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைத்தது!

நார்வே நாட்டிலும் இப்படி ஒரு விழா உண்டு. 1992-ம் ஆண்டில் தொடங்கிய அது, ஈஸ்டர் சமயத்தில் நடப்பது. ஹாமர் நகரில் ஒரு பிரம்மாண்ட மண்டபம் இருக்கிறது. 1994-ம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்காகக் கட்டியது. கவிழ்த்துப் போட்ட கப்பல் போல இருக்கும். பனிச்சறுக்கு வீரர்கள் ஓடிய இடத்தில் கம்ப்யூட்டர்கள் வரிசை கட்டி நின்றன.

இவை பெரிய விழாக்கள். இவற்றுக்கு இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நடக்கும் விருந்துக்கு வீட்டுக்காரரே இன்ஜினீயர்!

பெயர் வந்த விதம்

கம்ப்யூட்டர்களை இணைக்கும் முறைக்கு "ஈதர்நெட்" என்று பெயர்.

1973-ம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இது பிறந்தது. ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்காப், டேவிட் பாக்ஸ் என்ற இருவர் இதை உருவாக்கினார்கள்.

"ஈதர்" என்றால் என்ன? வெளிச்சம் பரவுவதற்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் அண்டம் எங்கும் நிறைந்திருப்பதாகப் பழைய விஞ்ஞானிகள் நம்பினார்கள். அதற்கு "ஈதர்" என்று பெயர் வைத்தார்கள். அப்படி ஒன்று இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் பெயர் மட்டும் இந்தக் கம்பியில் ஒட்டிக்கொண்டது!

இந்தப் பணிக்காக மெட்காபுக்கு 2022-ம் ஆண்டின் "டூரிங் பரிசு" கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையில் அதுதான் மிக உயர்ந்த பரிசு.

ஒரு கம்பி கழன்றால்...

தொடக்க காலத்து லேன் பார்ட்டியில் ஒரே நீளமான கம்பி இருக்கும். டெலிவிஷன் கேபிள் போல உருண்டையாக இருக்கும். அது எல்லாக் கம்ப்யூட்டர் வழியாகவும் போகும். கொடியில் துணி காயப்போடுவது போல, அந்த ஒரு கம்பியில் அத்தனை கம்ப்யூட்டர்களும் தொங்கும்.

கம்பியின் இரண்டு முனைகளிலும் ஒரு சின்ன மூடி மாட்ட வேண்டும். அந்த மூடி கழன்றால் போச்சு! எல்லோருடைய ஆட்டமும் நின்றுவிடும்.

நடுவில் ஒருவர் காலை நீட்டுவார். கம்பி கழன்றுவிடும். 8 பேர் ஆட்டம் ஒரே நொடியில் நிற்கும். எங்கே கழன்றது என்று மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேட வேண்டும்.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிக் கம்பி. எல்லாக் கம்பியும் ஒரு பெட்டியில் வந்து சேரும். ஒரு கம்பி கழன்றால் அந்த ஒருவரின் ஆட்டம்தான் நிற்கும். மற்றவர்கள் ஆடிக்கொண்டே இருக்கலாம்.

அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

தண்டோராவும் தபால்காரரும்

முதலில் வந்த பெட்டிக்கு "ஹப்" என்று பெயர். பிறகு வந்தது "சுவிட்ச்". இது விளக்கைப் போடுகிற சுவிட்ச் அல்ல. இரண்டு பெட்டிகளும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். வேலையில்தான் வித்தியாசம்.

ஹப் என்பது தண்டோரா போடுகிறவர் மாதிரி. ராமசாமிக்கு ஒரு சேதி என்றால், தெரு முழுவதும் கேட்கும்படி கத்துவார். அவர் கத்தும்போது வேறு யாரும் பேச முடியாது.

சுவிட்ச் என்பது தபால்காரர் மாதிரி. யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். ராமசாமியின் கடிதத்தை ராமசாமி வீட்டில் மட்டும் கொடுப்பார். அதே நேரத்தில் மற்றவர்களின் கடிதமும் போய்க்கொண்டிருக்கும்.

இந்த சுவிட்ச் வந்ததில் ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. 1990-ம் ஆண்டு வாக்கில், பல துளைகள் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது ஓர் அமெரிக்கக் கம்பெனி. அதன் பெயர் "கல்பனா"! இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். முதல் பெட்டியில் இருந்தவை 7 துளைகள்தான். 1994-ம் ஆண்டில் "சிஸ்கோ" என்ற பெரிய கம்பெனி கல்பனாவை விலைக்கு வாங்கியது.

இன்று கடையில் ஹப் கிடைப்பது அபூர்வம். பழைய சாமான் கடையில் அகப்பட்டாலும் வாங்கக்கூடாது.

எத்தனை போர்ட்?

கேபிளைச் சொருகும் துளைக்கு "போர்ட்" என்று பெயர். 5 போர்ட், 8 போர்ட், 16 போர்ட், 24 போர்ட் என்று சுவிட்ச் பல அளவில் வருகிறது.

16 பேருக்கு 16 போர்ட் போதுமா?

போதாது! இன்டர்நெட் கொண்டுவரும் ரவுட்டருக்கு ஒரு போர்ட் வேண்டும். ஆட்டத்தை நடத்தும் தனிக் கம்ப்யூட்டர் வைத்தால் அதற்கு ஒன்று. ஆக 18 ஆகிவிட்டது. சொல்லாமல் தம்பியையும் கூட்டி வருகிற நண்பர் ஒருவர் நிச்சயம் இருப்பார்! ஆகவே 24 போர்ட் சுவிட்ச்தான் சரி.

வாங்கும்போது வேகத்தைப் பார்க்க வேண்டும். 100 மெகாபிட் என்பது பழைய வேகம். 1,000 மெகாபிட் என்பதை "கிகாபிட்" என்கிறார்கள். கிகாபிட் சுவிட்ச்தான் வாங்க வேண்டும்.

ஆபீசில் கழித்த பழைய 24 போர்ட் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். அங்கே ஜாக்கிரதை! சில பெட்டிகளின் முகப்பில் "கிகாபிட்" என்று எழுதியிருக்கும். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் உள்ள 2 போர்ட்தான் கிகாபிட்டாக இருக்கும். மற்ற 24-ம் பழைய 100 மெகாபிட்!

இன்னொன்று சத்தம். ஆபீஸ் பெட்டிகளில் சின்ன விசிறி இருக்கும். ஆபீசில் அதைத் தனி அறையில் பூட்டி வைப்பார்கள். வீட்டுக் கூடத்தில் வைத்தால் மிக்சி ஓடுவது போல விடிய விடிய இரையும். விசிறி இல்லாத பெட்டியே வீட்டுக்கு நல்லது.

சில பெட்டிகளில் நாமே கட்டளை கொடுத்து மாற்றும் வசதி உண்டு. அவற்றின் விலை அதிகம். வீட்டு விருந்துக்கு அந்த வசதி கட்டாயம் அல்ல. பழையதாக வாங்கினால், முன்பு இருந்த ஆபீசின் கட்டளைகள் உள்ளே அப்படியே இருக்கும். அவற்றை அழித்துவிட்டுத்தான் உபயோகிக்க வேண்டும்.

மேஜைக்கு ஒன்று

பெரிய சுவிட்ச் ஒன்றே ஒன்று வைத்தால் ஒரு தொல்லை உண்டு. 16 கேபிள்களும் கூடத்தைக் கடந்து அதனிடம் வர வேண்டும். நடக்கிறவர் காலில் இடறும்.

இதற்கு வேறு வழி இருக்கிறது. மேஜைக்கு ஒரு சின்ன சுவிட்ச் வைப்பது!

3 மேஜை போட்டால், ஒவ்வொன்றிலும் ஓர் 8 போர்ட் சுவிட்ச். மேஜையில் உட்காரும் 5 அல்லது 6 பேரின் கேபிள்களும் அதில் சேரும். அதிலிருந்து ஒரே ஒரு கேபிள் நடுவில் உள்ள சுவிட்சுக்குப் போகும். 16 நீளமான கேபிள் வேண்டிய இடத்தில் 3 போதும். மற்றவை எல்லாம் குட்டைக் கேபிள்.

இதிலும் ஒரு குறை உண்டு. மேஜையில் இருக்கும் 6 பேரும் அந்த ஒரே கேபிளைப் பங்கு போட வேண்டும். ஆட்டத்துக்கு இது தாராளம். ஏனென்றால் ஆட்டத்தின் செய்திகள் மிகச் சிறியவை. 6 பேரும் ஒரே நேரத்தில் பெரிய விளையாட்டைப் பிரதி எடுத்தால்தான் நெரிசல் ஏற்படும்.

சின்ன சுவிட்சை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல மாட்டக்கூடாது. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி மற்றவை. சக்கரத்தின் குடமும் ஆரக்காலும் போல இருக்க வேண்டும்.

எந்தக் கேபிள்?

லேன் கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே 8 மெல்லிய கம்பிகள் இருக்கும். இரண்டிரண்டாக முறுக்கி, 4 ஜோடியாக இருக்கும். முறுக்கி இருப்பதால்தான் வெளி மின்சாரத்தின் இரைச்சல் உள்ளே புகுவதில்லை.

"கேட் 5 இ" என்று எழுதிய கேபிளே கிகாபிட்டுக்குப் போதும். 100 மீட்டர் தூரம் வரை வேலை செய்யும். "கேட் 6" அதைவிட உயர்ந்தது. விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் அதை வாங்கலாம்.

கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு கொடுத்த கேபிளும் விற்கிறார்கள். மலிவாக இருக்கும். வளைத்தால் சீக்கிரம் ஒடியும். பணத்துக்குக் கேடு.

8 கம்பிகளில் ஒன்று ஒடிந்தால், கிகாபிட் வேகம் 100 ஆகக் குறைந்துவிடலாம். ஆட்டம் நடக்கும். ஆனால் பிரதி எடுக்கும்போது ஆமை வேகம்தான். ஏன் என்று புரியாமல் கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள். குற்றவாளி கேபிளாக இருக்கும்!

16 பேருக்கு 20 கேபிளாவது வேண்டும். தரையில் போகும் கேபிள்களை நாடா போட்டு ஒட்டிவிட வேண்டும்.

வைபை போதாதா?

"கம்பியே வேண்டாம். வைபை இருக்கிறதே!" என்று கேட்கலாம்.

வைபை காற்றில் பேசுகிறது. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 16 கம்ப்யூட்டர், 16 போன், பக்கத்து வீட்டு வைபை எல்லாம் சேர்ந்தால் சந்தை இரைச்சல்தான்!

கம்பியில் ஒரு செய்தி வீட்டுக்குள் போய்ச் சேர, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. வைபையில் நெரிசல் வந்தால் அதைவிடப் பல மடங்கு ஆகும். ஒரு தரம் சீக்கிரம் போகும். ஒரு தரம் தாமதமாகும். துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் அந்தத் தாமதம்தான் உயிர்!

போனுக்கு வைபை. ஆட்டத்துக்குக் கம்பி. இப்படிப் பிரித்துக்கொள்வது நல்லது.

35 மணி நேரம்!

லேன் பார்ட்டியைக் கெடுப்பதில் முதல் இடம் எதற்கு? டவுன்லோடுக்கு!

இன்று ஒரு பெரிய விளையாட்டின் அளவு 100 கிகாபைட் இருக்கும். வீட்டு இன்டர்நெட் 100 மெகாபிட் வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கம்ப்யூட்டரில் அதை இறக்க 2 மணி 13 நிமிஷம் ஆகும்.

16 பேரும் அதே விளையாட்டை இறக்கினால்? இன்டர்நெட் ஒன்றுதான். ஆகவே மொத்தம் 35 மணி நேரத்துக்கு மேல் ஆகும்! சனிக்கிழமை மாலையில் தொடங்கினால் திங்கட்கிழமை காலையில்தான் முடியும். விருந்தே முடிந்துபோயிருக்கும்!

இதற்கு ஒரு யுக்தி உண்டு. ஒருவர் முன்னதாகவே இறக்கி வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அவரிடமிருந்து லேன் வழியாகப் பிரதி எடுக்கலாம். கிகாபிட் சுவிட்ச் இருந்தால் 100 கிகாபைட்டுக்கு 14 நிமிஷம் போதும்!

"ஸ்டீம்" என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் "வால்வ்" கம்பெனி, 2023-ம் ஆண்டில் இதற்கு நேரடி வசதி செய்து கொடுத்தது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு இருந்தால், இன்டர்நெட்டுக்குப் போகாமல் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

கிகாபிட் சுவிட்சுக்குக் கொடுக்கும் பணம் இங்கேதான் திரும்பி வருகிறது.

இரண்டு தபாலாபீஸ்

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாசம் வேண்டும். அதைக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. வீட்டில் உள்ள ரவுட்டரே 16 பேருக்கும் விலாசம் கொடுத்துவிடும். புதிதாக வாங்க வேண்டியதில்லை.

வரும் நண்பர் ஒருவர், "எதற்கும் இருக்கட்டும்" என்று தன் வீட்டு ரவுட்டரையும் கொண்டுவந்து மாட்டிவிடுவார். அதுவும் விலாசம் கொடுக்க ஆரம்பித்துவிடும்! ஒரே ஊரில் இரண்டு தபாலாபீஸ், இரண்டு வகை விலாசம். பாதிப் பேர் மற்ற பாதிப் பேரின் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

ரவுட்டர் ஒன்றுதான் இருக்க வேண்டும். இது முதல் விதி.

இரண்டாவது விதி இன்னும் முக்கியம். ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் சொருகக்கூடாது!

சொருகினால் என்ன ஆகும்? எல்லோருக்கும் என்று வரும் செய்தி அந்தக் கேபிள் வழியாக வெளியே போகும். திரும்ப உள்ளே வரும். மறுபடி போகும். நிமிஷத்தில் லட்சக்கணக்கில் பெருகும். மொத்த லேனும் ஸ்தம்பித்துவிடும். சும்மா கிடக்கிறதே என்று யாரோ சொருகிய ஒரு கேபிள் போதும்!

இந்தத் தொல்லைக்கு மருந்து கண்டவர் ஒரு பெண்மணி. ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கர். 1985-ம் ஆண்டில் அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். செய்தி சுற்றிச் சுற்றி வராதபடி, பெட்டிகள் தாமாகவே ஒரு வழியை அடைத்துக்கொள்ளும். விலை உயர்ந்த சுவிட்சுகளில் இந்தக் காவல் உண்டு. மலிவான பெட்டிகள் பலவற்றில் கிடையாது. அங்கே மனிதன்தான் காவல்!

மின்சாரம் – ஜாக்கிரதை!

சுவிட்ச் தப்பாக வாங்கினால் ஆட்டம் கெடும். மின்சாரத்தில் தப்பு செய்தால் உயிருக்கே ஆபத்து.

விளையாட்டுக் கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்து 400 வாட் இழுக்கும் என்று கணக்கு வைப்போம். சில கம்ப்யூட்டர் அதைவிட அதிகமாகவும் இழுக்கும். 16 பேருக்கு 6,400 வாட்!

அமெரிக்க வீடுகளில் மின்சாரம் 120 வோல்ட். ஒரு சாதாரண லைனுக்கு 15 ஆம்பியர் பிரேக்கர் இருக்கும். அதாவது 1,800 வாட். தொடர்ந்து பல மணி நேரம் ஓடும் சாமானுக்கு அதில் 80 சதவீதம்தான் கணக்கு. ஆக 1,440 வாட்.

ஒரு லைனில் 3 கம்ப்யூட்டர் மாட்டினால் 1,200 வாட். சரி. 4 மாட்டினால் 1,600 வாட். அளவு மீறிவிட்டது! ஆகவே 16 பேருக்கு 6 தனி லைன் வேண்டும். கூடத்தில் 10 பிளக் பாயிண்ட் இருக்கலாம். அத்தனையும் ஒரே லைனாக இருந்தால் பயன் இல்லை.

ஜெர்மனி போன்ற நாடுகளில் 230 வோல்ட், 16 ஆம்பியர். அங்கே ஒரு லைன் 3,680 வாட் தாங்கும். ஒரு லைனுக்கு 6 கம்ப்யூட்டர் வைத்தால் 3 லைன் போதும்.

எந்தப் பிளக் எந்த லைன் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு பிரேக்கராக அணைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பிளக் செத்துப் போகிறதோ, அது அந்த லைன். ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரிஜ் எந்த லைனில் இருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டமும் நிற்கும், பாலும் திரியும்!

சிலர் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்சில் இன்னொன்றைச் சொருகுவார்கள். அதில் மூன்றாவது. இது மகா ஆபத்து. முதல் ஒயர் சூடாகி உருகும். அதிலிருந்துதான் தீ பிடிக்கிறது.

ஒயரைச் சுருட்டிப் போட்டபடி உபயோகிக்கக்கூடாது. கம்பளத்துக்கு அடியில் ஓட்டக்கூடாது. சூடு வெளியேற வழி இருக்க வேண்டும். பிரேக்கர் விழுந்தால் பளுவைக் குறைக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தூக்கிவிடக்கூடாது. பெரிய பிரேக்கராக மாற்றிப் போடுவது அதைவிடத் தப்பு. வீட்டைக் காப்பதற்குத்தான் பிரேக்கர் விழுகிறது!

வெயில் இல்லாமலே வேர்வை

6,400 வாட் மின்சாரம் எங்கே போகிறது? எல்லாம் சூடாக மாறுகிறது. ஒரு மனிதன் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் சூடு வருகிறது. 16 பேருக்கு 1,600 வாட். ஆகமொத்தம் 8,000 வாட்!

1,000 வாட் ஹீட்டர் எட்டை ஒரே அறையில் போட்டது போல! இதை ஈடு செய்ய 2 டன் ஏ.சி.கூடப் போதாது. ஏ.சி.யும் மின்சாரம் இழுக்கும். அதற்கும் தனி லைன் வேண்டும்.

குளிர் நாட்டுக்காரர்கள் பனிக்காலத்தில் கூடினால் ஜன்னலைத் திறந்தால் போதும். வெயில் காலத்தில் கூடுகிறவர்கள் 16 பேரையும் இரண்டு அறையாகப் பிரிப்பது நல்லது. மின்சாரப் பளுவும் பிரியும். சூடும் பிரியும்.

லேன் இல்லாத ஆட்டம்

சாமான் எல்லாம் சரியாக இருந்தும் விருந்து கெடுவது உண்டு. காரணம், விளையாட்டு!

2010-ம் ஆண்டில் "ஸ்டார்கிராப்ட் 2" வெளிவந்தது. அதன் முதல் பாகம் லேன் பார்ட்டிகளின் செல்லப்பிள்ளை. இரண்டாம் பாகத்திலோ லேன் வசதியே இல்லை! பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடு ஆடுவதற்குக்கூட, கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். ரசிகர்கள் கையெழுத்து வாங்கி மன்றாடினார்கள். கம்பெனி இணங்கவில்லை.

அதன் பிறகு வந்த பல விளையாட்டுகளும் இப்படித்தான். இன்டர்நெட் போனால் ஆட்டம் போச்சு. ஆகவே எந்த விளையாட்டு லேனிலேயே ஓடும் என்று முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். பழைய "குவேக்", முதல் "ஸ்டார்கிராப்ட்" முதலியவை இன்டர்நெட் இல்லாமலே ஓடும்.

முதல் நாளே ஒத்திகை

விருந்துக்கு முதல் நாள் வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை சில உண்டு.

சுவிட்சுகளை மாட்டி, ஒவ்வொரு கேபிளையும் சோதிக்க வேண்டும். பழுதானதைத் தனியே எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் எண் எழுதி ஒட்டினால் தொல்லை குறையும்.

யார் எந்த நாற்காலி, எந்தப் பிளக் என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். விளையாட்டை இறக்கி வைக்க வேண்டும். "உங்கள் கம்ப்யூட்டரையும் புதுப்பித்துக் கொண்டு வாருங்கள்" என்று நண்பர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டுக்குத் தனி மேஜை வேண்டும். சுவிட்ச் பக்கத்தில் காப்பி, தண்ணீர் கூடாது.

இத்தனைக்கும் வாங்க வேண்டிய புதுச் சாமான் கொஞ்சம்தான். ஒரு 24 போர்ட் சுவிட்ச் அல்லது மேஜைக்கு ஒரு சின்ன சுவிட்ச். 20 கேபிள். தடித்த ஒயர் உள்ள சில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அவ்வளவுதான்! நல்ல சுவிட்ச் பல ஆண்டுகள் உழைக்கும். அடுத்த விருந்துக்கும் அதுவே போதும்.

"வீட்டில் இருந்தபடியே இன்டர்நெட்டில் ஆடலாமே! எதற்கு இந்தச் சுமை?" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் தனியாக ஆடுகிறவர் தோற்றால், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். இங்கே தோற்றவரின் தோளில் தட்டி, "அடுத்த ஆட்டம் உன்னுடையது" என்று சொல்ல ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார். அதற்காகத்தான் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.